பிஸ்தா மரத்தின் பொதுப்பயன்

"அடுப்புல அவரை கொதிச்சதும் தீயைக் குறைச்சிடு. ரேடியோவுக்குள்ள தலையை விட்டுட்டு உட்கார்ந்துடாத" என்றாள் தெயோலிண்டா. தோளில் சமையல் துண்டு கிடந்தது. கையில் பாதிச் செங்கல் ஒன்று இருந்தது.

"செங்கல் எதுக்கு?" என்றார் அமாரோ.

"மேயர் தலையில போட." சன்னலுக்கு வெளியே தாடையால் காட்டினாள். "வந்து பாரு. மறுபடியும் ரோட்டுக்குத் தண்ணி பாய்ச்சுறானுங்க. அந்த ஸ்பிரிங்ளர் தலையைத் திருப்பி வைங்கன்னு போன் பண்ணிப் பண்ணி எனக்குத் தொண்டை போச்சு. பணம் நம்மளுது, நனையறது தாரு."

"நாளைக்கு நான் பேசுறேன்."

"நீ பேசுறதுக்குள்ள தாரு முளைச்சு அறுவடைக்கு வந்துடும். இந்தச் செங்கல்லை ஒரு பக்கமா முட்டுக் கொடுத்தா தண்ணி புல்லு பக்கம் திரும்பும். ஒரு நிமிஷ வேலை."

பின்கதவு சாத்திய சத்தம் கேட்டது. ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவரை கொதி வந்தது. அமாரோ எழுந்து போய்த் தீயைக் குறைத்தார்.

அதைப் பிற்பாடு அவர் பலரிடம் சொன்னார். ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னார், பாதிரியாரிடம் சொன்னார், அழுதுகொண்டிருந்த மகளிடமும் சொன்னார். "நான் தீயைக் குறைச்சுட்டேன்." ஏன் சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் போன பிறகு அவர் பானையைத் திறந்து பார்த்தார். அவரை பதமாக வெந்திருந்தது. அடிப்பிடிக்கவில்லை.

வீட்டின் பக்கவாட்டில், சாலையோரப் புல்வெளியில், பிஸ்தா மரத்தடியில் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. தெயோலிண்டா அதில்தான் உட்கார்ந்திருந்தாள். மாலைதோறும் உட்காரும் இடம்தான். சாலைக்கு அந்தப் பக்கம், இழுத்து வந்து நிறுத்திய சக்கர வீடுகளின் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து காலாற நடந்து வருகிறவர்களோடு அவள் கதை பேசுவாள். அன்றைக்கும் அவர்களில் ஒருத்திதான் வந்து மாலை வணக்கம் சொன்னாள். பதில் வரவில்லை. முதுகு மரத்தில் சாய்ந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். செங்கல் காலடியில் கிடந்தது. தெளிப்பான் சாலையை நனைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு செராஃபிம் அந்தச் செங்கல்லை எடுத்து வந்து கொடுத்தார். அமாரோ அதைச் சமையலறைச் சன்னல் மேடையில் வைத்தார்.

அல்மேந்த்ரா நகரத்தில் புல் சும்மா முளைப்பதில்லை. பாதாம் தோப்புகளை வெட்டி வீடுகள் கட்டியபோது, மதிலுக்கும் சாலைக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பட்டை நிலம் மிஞ்சியது. அதில் நகரசபை புல்லும் மரமும் வைத்தது. காய்க்காத வகையாகப் பார்த்து வைத்தது; காய்த்து விழுந்தால் கூட்ட வேண்டுமே. இதற்கான செலவை அந்தந்த மண்டலத்து வீடுகளின் வரியோடு சேர்த்து வாங்கியது. அமாரோவின் வீடு பதினான்காம் மண்டலம். செவ்வாய்க்கிழமைதோறும் ஆட்கள் வந்து, வளர்ந்திருந்தாலும் வளராவிட்டாலும் புல்லை வெட்டுவார்கள். உதிர்ந்த இலைகளை இயந்திரத்தால் ஊதிச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளுவார்கள். புதன்கிழமை பதினோராம் மண்டலத்தின் ஆட்கள் வந்து அவற்றை இந்தப் பக்கம் ஊதுவார்கள். இரண்டு மண்டலங்களும் திறம்படப் பராமரிக்கப்படுவதாக ஆண்டறிக்கை சொல்லும்.

தெயோலிண்டா போன அந்தக் கோடையில்தான் நகரசபைக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. சட்டம் எளிமையானது. ஒரு மரத்தால் ஒரு வீட்டுக்கு வரும் பயன் தனிப்பயன். அதற்கு அந்த வீட்டில் காசு கேட்கலாம். அந்த வழியே போகிற யாரோ ஒருவர் அதே மரத்தைப் பார்த்து மகிழ்ந்தால் அது பொதுப்பயன். அதன் பங்கை நகரசபை தன் பையிலிருந்து போட வேண்டும். நகரசபையின் பையில் ஒன்றும் இல்லை. பையை நிரப்புவது, அல்லது வழிப்போக்கர்கள் மகிழ்வதைக் குறைப்பது என்று இரண்டு வழிகள் இருந்தன. நகரசபை இரண்டாவதை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

இதற்காகப் பயன் பொறியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். பெயர் பிரெண்ட் ஹாலிஸ்டர். சாந்தமான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனாக்கள். அவர் முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்றார். அளப்பதற்காக நார்மா வந்தாள். பல வருடம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். மடக்கு நாற்காலியும், குடையும், கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் கருவி ஒன்றும் அவளிடம் இருந்தன. பிஸ்தா மரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

விதிகளைத் தட்டியில் ஒட்டி வைத்திருந்தாள். மரத்தை நிமிர்ந்து பார்த்தால் ஒரு பயன். பார்த்துவிட்டு உடனே கைப்பேசியைப் பார்த்தால் அரைப் பயன். நாய்களுக்குப் பயன் கிடையாது. ஆனால் நாய் மரத்தடியில் காலைத் தூக்கி நிற்கும்போது கயிற்றைப் பிடித்துக் காத்திருக்கும் உரிமையாளருக்குக் கால் பயன்.

"மூச்சு விட்டா?" என்று செராஃபிம் கேட்டார்.

"சும்மா விட்டா ஒண்ணுமில்ல. இழுத்து விட்டா பதியணும்" என்றாள் நார்மா.

அடுத்த வாரமே பலகை நட்டார்கள். 'இந்த நிழல் பதினான்காம் மண்டல வீடுகளுக்கு உரியது. மற்றவர்கள் நேராகப் பார்த்து நடக்கவும்.' சக்கர வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். தெயோலிண்டாவின் நினைவுக்காகவோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். கிழவர் ஒருவர், மரத்தின் நிழல் தன்மேல் விழவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, சொந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். குளிர்ந்த காற்று பட்டதற்காக அவருக்குக் கால் பயன் பதியப்பட்டது.

எண்ணிக்கை சரசரவென்று குறைந்தது. ஆனாலும் நார்மாவின் முகத்தில் தெளிவில்லை. ஒருநாள் மாலை குடிக்கத் தண்ணீர் கேட்டு அமாரோவின் பின்கதவைத் தட்டினாள்.

"எல்லாரும் அடங்கிட்டாங்க. ஒருத்தரைத்தான் என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றாள். "தினம் சாயங்காலம் வந்து அந்தக் குட்டைச் சுவர்ல உட்கார்ந்துக்கிறாங்க. எழுந்திரிக்கிறதே இல்ல. கிட்டப் போய் எந்த மண்டலம்மான்னு கேக்கலாம்னா, நான் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள ஆளைக் காணோம். திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்தா, அங்கயே இருக்காங்க."

"எப்படி இருப்பாங்க?"

"குள்ளமா. நரைச்ச முடி. தோள்ல ஒரு சமையல் துண்டு. ஸ்பிரிங்ளர் போட்டாக்கூட நகர மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அமாரோ அவளை உள்ளே கூப்பிட்டார். உறைபெட்டியைத் திறந்து, தெயோலிண்டா சுட்டு வைத்திருந்த இனிப்பு ரொட்டியை எடுத்தார். அவள் சுட்டவற்றில் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். மகளுக்குக்கூட அவர் வெட்டிக் கொடுத்ததில்லை. கத்தி இறங்கும் அளவுக்கு இளகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவர் ஒரு துண்டை வெட்டி நார்மாவிடம் கொடுத்தார்.

"ஏதாவது பேசினாளா?" என்றார்.

நார்மா மென்றுகொண்டே யோசித்தாள். "பேசல. ஆனா சந்தோஷமா இருக்கிற மாதிரியும் தெரியல. ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

மறுநாள் மாலை அமாரோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. சாலையில் இரண்டு கார்கள் போயின. தனக்குப் பக்கத்தில் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திரும்பவும் பக்கத்தில் பார்த்தார். கல்லும் அதன்மேல் எறும்புகளும்தான் தெரிந்தன.

எதிர்ப்புறத்தில் நார்மா கருவியை அழுத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப இருக்காளா?" என்று அவர் சாலையைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"இருக்காங்களே."

"எங்க?"

"உங்களுக்கு இடது கைப்பக்கம். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, துண்டு மேல உட்கார்ந்திருக்கீங்க."

அமாரோ எழுந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். தெளிப்பான் சீறிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் புல்லைத் தாண்டிப் போய்ச் சாலையில் விழுந்தது. தார் கறுத்தது. இருட்டும் வரை அவர் அங்கேயே இருந்தார். அவர் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் போனார். குடைக்காரக் கிழவர் குனிந்தபடியே கடந்து போகும்போது குடையைச் சற்றுத் தூக்கி அவருக்கு ஒரு வணக்கம் சொல்வார். அமாரோவுக்கு இடப்பக்கம் பார்த்து இன்னொன்று சொல்வார். செராஃபிமின் மனைவி அந்த வழியாக வருவதை நிறுத்திக்கொண்டாள். கேட்டால் முழங்கால் வலி என்றாள். தெருவில் எல்லாருக்கும் அவள் தெரிகிறாள் என்பதும், எல்லாரும் தன்னிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதும் அமாரோவுக்கு மெல்ல விளங்கியது. அவருக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

கோடை நடுவில் நகரசபையிலிருந்து ஆள் வந்து பிஸ்தா மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வரைந்துவிட்டுப் போனான். வெட்டப்போகும் மரத்துக்குத்தான் அந்த நிறம். அமாரோ அப்படியே நகரசபை அலுவலகத்துக்குப் போனார்.

ஹாலிஸ்டர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். மேசையில் வரைபடத்தை விரித்தார்.

"உங்க மரத்து மேல எனக்குப் பகை எதுவும் இல்ல, மிஸ்டர் பெட்டன்கூர். போன மாசம் வரைக்கும் மண்டலத்துலயே நல்ல மரம் அதுதான். ஆனா ஒரே ஒரு பொதுஜனம் மணிக்கணக்கா அதுக்கடியில உட்கார்ந்துடறாங்க. மத்த ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து அனுபவிக்கிறதை விட அவங்க ஒருத்தரே அதிகமா அனுபவிக்கிறாங்க. அவ்வளவு பொதுப்பயனை நகரசபை தாங்காது. அதனால பயனுக்கு மூலம் எதுவோ அதை எடுத்துடறோம். மரத்தையும், அந்தச் சுவரையும்."

"அது பொதுஜனம் இல்ல. என் மனைவி."

ஹாலிஸ்டரின் முகம் மலர்ந்தது. "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உங்க வீட்டு ஆள்னா அது தனிப்பயன். பிரச்சனையே இல்ல. ஒரு தடவை இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

"வர மாட்டா. மே மாசம் இறந்துட்டா."

ஹாலிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அப்ப அது பொதுப்பயன்."

அமாரோ வரைபடத்தில் தன் வீட்டைத் தொட்டுக் காட்டினார். "நாப்பது வருஷமா அந்த வீட்டுல இருந்தவ, சார்."

"இருந்தவங்க. மண்டலத்துக்குள்ள குடியிருக்கிறவங்க தனி, வெளியில இருக்கிற மத்த எல்லாரும் பொது. சட்டத்துல மூணாவது ஒண்ணு கிடையாது. அவங்களை எங்க அடக்கம் பண்ணினீங்க?"

"புனித அன்னா கல்லறைத் தோட்டத்துல."

ஹாலிஸ்டரின் விரல் வரைபடத்தில் ஊரைத் தாண்டிப் போய், ஒரு வெள்ளைத் திட்டில் நின்றது. "இது எந்த மண்டலத்துலயும் வரல. அப்படிப் பாத்தா அவங்க தினமும் வெளியிலேருந்து வந்து, நம்ம மரத்தை அனுபவிச்சுட்டுத் திரும்பிப் போறாங்க." சற்று யோசித்து, ஆறுதலாகச் சொன்னார்: "மண்டலத்துக்குள்ளயே அடக்கம் பண்ணியிருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்."

"நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா? செத்தவங்க வந்து உட்காருவாங்கன்னு?"

"நான் நம்புறது, நம்பாதது கணக்குல வராது சார். நார்மா அழுத்தினது வரும்."

வெளியில் நீரூற்று ஒன்று ஓடும் சத்தம் கேட்டது. அமாரோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மரமும் சுவரும் போய்விட்டால் அவள் எங்கே போய் உட்காருவாள் என்று கேட்க நினைத்தார். அதற்கும் இந்த மனிதரிடம் ஒரு வரைபடம் இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"ஒரு வழி இருக்கு" என்றார் ஹாலிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "சபை கூடுற அன்னிக்கு நீங்க வந்து, அங்க யாரும் உட்காரறதில்லைன்னு உறுதிமொழி கொடுத்துச் சொல்லிட்டீங்கன்னா போதும். பக்கத்துலயே குடியிருக்கிறவர் சொன்னா நார்மாவோட எண்ணிக்கையை நீக்கிடலாம். மரம் நிக்கும்."

செராஃபிம் அன்று மாலை வேலியருகே நின்று இதைக் கேட்டார். அமாரோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்ட ஞானத்தந்தை அவர். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, கொம்பாத்ரே? நீ அவளைப் பாத்தியா?"

"இல்ல."

"ஒரு தடவை கூட?"

"இல்லன்னுதான் சொல்றேனே."

"அப்ப யாரும் இல்லைன்னு சொல்லு. பொய்யா அது? ஊர்லயே உண்மையா அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான். நான் சொன்னா நரகத்துக்குப் போவேன்."

அமாரோ அவரை நிமிர்ந்து பார்த்தார். செராஃபிம் வேலியில் இல்லாத துருவைச் சுரண்டத் தொடங்கினார்.

"நான் பாக்கலைன்னு சொல்லலாம், கொம்பாத்ரே. இல்லைன்னு எப்படிச் சொல்றது? காதுல விழுந்துடுச்சுன்னா?"

"யார் காதுல?"

அமாரோ உள்ளே போனார்.

சபை கூடிய அன்று மண்டபம் நிறைந்திருந்தது. எல்லார் வீட்டுக்கும் அறிவிப்பு வந்திருந்தது. அமாரோவின் வீட்டுக்கு இரண்டு வந்திருந்தன. ஒன்றில் அவர் பெயர், இன்னொன்றில் தெயோலிண்டாவின் பெயர். சாவுக்குப் பின்னும் ஆள் பொதுஜனமாக இருப்பதால் அழைக்காமல் இருப்பது முறையாகாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அமாரோ தன் பக்கத்து நாற்காலியில் தொப்பியை வைத்து இடம் பிடித்துக்கொண்டார்.

மேயர் லின்ட்ஹோம் முதலில் பேசினார்.

"சில பேர் வெளியில தப்பாப் பேசிட்டு இருக்காங்க. இந்த நகரம் யாரையும் மரத்தைப் பாக்கக் கூடாதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. தாராளமாப் பாருங்க. பாத்துட்டுப் பயன் அடையாதீங்கன்னுதான் கேட்டுக்கறோம். எங்க அப்பா காலத்துல இங்க எல்லாம் தோப்பு. யாரு வேணும்னாலும் எந்த மரத்தடியிலயும் உட்காரலாம். அதுக்கு யாரு பொறுப்புன்னே தெரியாது. இன்னிக்கு ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு எண் இருக்கு. அதுதான் வளர்ச்சி."

கைதட்டினார்கள். தட்டியவர்கள் பெரும்பாலும் மேடையில் இருந்தவர்கள்.

ஹாலிஸ்டர் கணக்கை விளக்கினார். குட்டைச் சுவரில் உட்காரும் நபரை அறிக்கை முழுக்க 'நிலைத்த பயனாளி' என்று குறிப்பிட்டார். உறுப்பினர் ஒருவர், அந்த அம்மாவுக்கு முதியோர் சலுகை உண்டா என்று கேட்டார். இன்னொருவர், அவங்ககிட்ட நாய் இருக்கா என்றார். இல்லை என்றதும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இறந்தவர்கள் மரத்தடிக்கு வருவது பற்றி யாரும் வியக்கவில்லை. அது கணக்கில் எந்த வரிசையில் வரும் என்பது மட்டுமே அங்கே கேள்வியாக இருந்தது.

அமாரோவின் பெயரை அழைத்தார்கள். பேச மூன்று நிமிடம். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் வலக்கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னார்.

"மிஸ்டர் பெட்டன்கூர்" என்றார் மேயர், கனிவாக. "உங்க வீட்டுப் பக்கத்துல, அந்தச் சுவர்ல, யாராவது உட்காரறாங்களா?"

அமாரோ திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் தொப்பி இருந்தது. அவ்வளவு கூட்டத்தில் அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை.

"உட்காரறாங்க. என் மனைவி" என்றார்.

ஹாலிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். செராஃபிம் "மடையன்" என்று முணுமுணுத்தது இரண்டு வரிசைக்குக் கேட்டது.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் மேயர்.

"இல்ல. எனக்குத் தெரிய மாட்டேங்குது. மத்த எல்லாருக்கும் தெரியுது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா நீங்க சொல்ற மாதிரி அவ மரத்தை அனுபவிக்க வரல. அவ எதையும் அனுபவிக்கிறவ இல்ல. கடலுக்குக் கூட்டிட்டுப் போனாக்கூட, மணல் ஏன் இப்படி இருக்குன்னு கேப்பா. அன்னிக்கு அந்த ஸ்பிரிங்ளரைத் திருப்பி வைக்கத்தான் போனா. அது ரோட்டுக்குத் தண்ணி பாய்ச்சுது. நீங்க யாரும் வந்து பாக்கல. செங்கல் வெச்சு முட்டுக் கொடுக்கப் போனா. அந்த வேலை முடியல. அதைத்தான் உட்கார்ந்து பாத்துட்டு இருக்கா. அவ ஒரு பயனும் அடையல, சார். குறை சொல்லிட்டு இருக்கா."

மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஆமா" என்று பின்வரிசையிலிருந்து நார்மா எழுந்தாள். "அவர் சொல்றது சரி. நானும் எத்தனை நாளா பாக்கறேன், ஒரு தடவை கூட அந்தம்மா மரத்தை அண்ணாந்து பாத்ததில்ல. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ரோட்டையேதான் பாத்தாங்க. என்ன முகம்னு எனக்குப் புரியல. இப்பப் புரியுது."

ஹாலிஸ்டர் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். "குறைக்குக் கட்டம் போடல நாங்க" என்றார், முதல் தடவையாகக் குரல் தடுமாற. "யாரும் குறை சொல்றதுக்காக மரத்தடிக்கு வருவாங்கன்னு எதிர்பாக்கல."

நகரசபை வழக்கறிஞர் எழுந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இருவரும் பேனாவை எடுத்தார்கள். குறை என்பது பயனுக்கு எதிரானது. ஆகவே கூட்டியதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கழித்தார்கள். தெயோலிண்டா உட்கார்ந்திருந்த மாலைகள் அத்தனையும் கழிந்தன. அவள் குறை பெரிதாக இருந்தது. அது குடைக்காரக் கிழவரின் கால் பயன்களைத் தின்றது, நாய்க்காரர்களைத் தின்றது, கடைசியில் பதினான்காம் மண்டலத்தின் பொதுப்பயன் முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று.

"அப்ப பொதுஜனம் நமக்குத் தரணுமா?" என்று மேயர் ஆவலாகக் கேட்டார்.

"இந்த வருஷம் கேக்க வேண்டாம்" என்றார் வழக்கறிஞர்.

"மரம் நிக்கலாம். சுவரும் இருக்கலாம்" என்றார் ஹாலிஸ்டர். நெற்றியைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு. நாளைக்கே யாராவது அந்த ஸ்பிரிங்ளரைச் சரி பண்ணிட்டா, குறை தீந்துடும். அதுக்கப்புறமும் அவங்க அங்க உட்கார்ந்திருந்தா அது சுத்தமான பயன். பழைய நிலைமைதான். மரத்தை எடுத்தாகணும்."

உறுப்பினர்கள் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். பதினான்காம் மண்டலத்துப் பிஸ்தா மரத்தடித் தெளிப்பானைப் பழுதுபார்க்கும் வேலையைக் காலவரையின்றி ஒத்திவைப்பது என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார்.

"சம்பந்தப்பட்ட குடும்பத்தோட சம்மதம் வேணும்" என்றார் வழக்கறிஞர்.

எல்லாரும் அமாரோவைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேசும் நேரம் முடிந்திருந்தது. அவர் ஒலிவாங்கியின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கேட்டது மரத்தை அல்ல. அவள் எத்தனையோ முறை போன் போட்டுக் கேட்டதெல்லாம் அந்தத் தெளிப்பானைத் திருப்பி வைக்கச் சொல்லித்தான். இப்போது ஒரு நகரமே கூடி, அதை ஒருநாளும் செய்யமாட்டோம் என்று எழுத, தன்னிடம் கையெழுத்துக்கு நிற்கிறது. வேண்டாம், சரி பண்ணுங்கள் என்று சொன்னால் அவள் வேலை முடிந்துவிடும்.

"சம்மதம்" என்றார் அமாரோ.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வரும்போது செராஃபிம் அவர் தோளில் கை போட்டார். "வேலை செய்யாம இருந்து பாத்திருக்கேன். செய்ய மாட்டோம்னு தீர்மானம் போட்டு இப்பத்தான் பாக்கறேன். உன் பொண்டாட்டி போட வெச்சுட்டா, கொம்பாத்ரே."

அமாரோ சிரித்தார். கார் கதவைத் திறந்து, தொப்பியை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

இலையுதிர் காலம் வந்தது. நார்மாவின் மடக்கு நாற்காலி வேறு மண்டலத்துக்குப் போய்விட்டது. பிஸ்தா மரம் நெருப்புப் பிடித்தாற்போலச் சிவந்தது. பலகையை எடுக்க யாருக்கும் உத்தரவு வராததால் அது அங்கேயே நின்றது. சக்கர வீட்டுக்காரர்கள் பழக்கத்தால் இன்னும் குனிந்தே நடந்தார்கள்.

ஒரு மாலை அமாரோ அடுப்பில் அவரையை வைத்தார். கொதி வந்ததும் தீயைக் குறைத்தார். பிறகு சன்னல் மேடையிலிருந்து செங்கல்லை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார்.

மண்ணுக்கடியில் குழாய் கடகடத்தது. தெளிப்பான் தலையைத் தூக்கியது. தண்ணீர் புல்லின்மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் வளைந்து போய்ச் சாலையில் விழுந்தது. அமாரோ குனிந்து செங்கல்லை அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்; இந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தால் திரும்பும். ஒரு நிமிஷ வேலை. நகரசபைக்குத் தெரியவும் போவதில்லை. அவள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். எங்கே போவாள் என்று அவருக்குத் தெரியாது. போய்விடுவாள் என்பது மட்டும் தெரியும்.

முதுகு வலிக்கும்வரை அப்படியே குனிந்திருந்தார்.

பிறகு நிமிர்ந்து, குட்டைச் சுவரில், மரத்தை ஒட்டிய இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டார். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிழவர் குடையோடு வந்தார். கிட்ட வந்ததும் நின்று, குடையை மடக்கினார்.

"மாலை வணக்கம்" என்றார் அமாரோவிடம்.

பிறகு அமாரோவுக்கு இடப்பக்கம் சற்றே திரும்பி, கொஞ்சம் பயத்தோடு, "மாலை வணக்கம்மா" என்றார்.

அவர் போன பிறகு அமாரோ வெகுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனபோது செங்கல்லைச் சன்னல் மேடையில், அது முன்பு இருந்த தூசித் தடத்திலேயே வைத்தார். அவரை அடிப்பிடிக்கவில்லை. வெளியே தெளிப்பான் சாலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.